ஒன்றாம் நம்பர் கூண்டு

பதினொன்று பத்து. இன்னும் ஐம்பது நிமிடம். கயிறு என் கையில்தான் இருக்கிறது. யாராவது தொட்டுப் பார்க்கவா என்று கேட்டால் தொடட்டும், ஆனால் முடிச்சுப் பக்கம் என் கை இருக்கும், அங்கே யாரையும் விடமாட்டேன். அறுபத்து நான்கு படி ஏறி மேலே வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறார்கள், கடலைப் பார்த்து அடேயப்பா என்கிறார்கள், பிறகு கொடிமரம், பிறகு தரையில் இருக்கிற கூண்டு, கடைசியாக நான். என் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் படிக்கிறார்கள். ஜெனோவா, வழிகாட்டி. வழிகாட்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு என் வயதைப் பார்க்கிறார்கள். எந்தக் காலேஜ் என்று கேட்கிறார்கள். காலேஜ் இல்லை, பிளஸ் டூவைப் பாதியில் விட்டாச்சு என்று சொல்கிறேன். ஐயோ என்று முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஐயோ இல்லை. பிடிக்கவில்லை, விட்டேன். மாவட்டம் முழுக்க வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கிற இருபத்திரண்டு பழைய இடங்களை இந்தச் சனி, ஞாயிறு மட்டும் எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கிறார்கள், உப்புக் கோடவுன், ஜமீன் கச்சேரி, வெள்ளைக்காரர்கள் கல்லறை, ஓடாத மணிக்கூண்டு, அப்புறம் எங்கள் கோடித்துறை சிக்னல் மாடம். கதவு திறந்திருக்கு வாங்க என்று பஸ் ஸ்டாண்டில் பேனர். நேற்று மட்டும் நானூற்றுப் பத்து பேர் ஏறினார்கள், எண்ணினேன், தொண்டை கட்டிவிட்டது, ராத்திரி சாப்பிடும்போதுகூட அம்மாவிடம் வாங்க வாங்க என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பரீட்சைக்கும் முழித்ததில்லை. கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. அதுவும் இன்றைக்கு. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு நான் கூண்டு ஏற்றப்போகிறேன். நான்.

கூண்டு என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, மூங்கில் சட்டம், மேலே கித்தான், கருப்புப் பெயிண்ட், நான் உள்ளே உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே தெரியும், உட்கார்ந்து பார்த்தாச்சு. கடலில் புயல் கிளம்பினால் இதைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள், ஒன்றாம் நம்பர் என்றால் தூரத்தில் எங்கேயோ ஒன்று உருவாகிறது, நம்பர் ஏற ஏறப் பக்கத்தில் வருகிறது. இந்தக் காலத்திலும் இங்கேதான் ஏற்றுகிறார்கள், டிவியில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று வாசிக்கிறார்களே, அந்தக் கூண்டு. நாலாம் வகுப்பில் என் பெஞ்சிலிருந்து ஜன்னல் வழியே இந்தக் கொடிமரம் தெரியும். கருப்பாக ஒன்று மேலே போனால் பள்ளிக்கூடம் லீவு, பையன்கள் டெஸ்க்கைத் தட்டுவார்கள், நானும்தான் தட்டினேன், ஒரு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டேன். யார் அதை ஏற்றுகிறார்கள் என்று மட்டும் தெரியாது. கை தெரியாது, கூண்டு மட்டும் தானாக மேலே போகும். பதிமூன்று வருஷப் பள்ளிக்கூடத்தில் நான் உண்மையாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான், அதை யாரும் எனக்குப் பாடமாக வைக்கவில்லை. போன மாதம் துறைமுக ஆபீஸில் தன்னார்வலர் வேண்டும் என்று ஒட்டியிருந்தார்கள், முதல் ஆளாகப் போய் நின்றேன். சூப்பிரண்டு இசக்கிராஜன் சார் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனுஷன், பேனா மூடியைக்கூட ரெண்டு தடவை அழுத்திப் பார்ப்பார், அவர் சனிக்கிழமை மத்தியானம் கூண்டு ஏற்றிக் காட்டலாம், மேலிடத்தில் அனுமதி வாங்கியாச்சு என்று கூட்டத்தில் சொன்னார். நான் எழுந்து நின்று, சனிக்கிழமை வேண்டாம் சார், கடலில் ஆள் இருப்பார்கள், நிஜம் என்று நினைத்து ஓடி வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்காது என்றேன். சனி சாயங்காலம் மாதா கோவில் மணி அடித்தால் ஞாயிறு நடுராத்திரி வரை யாரும் போகக் கூடாது, ஊர்க் கமிட்டிக் கட்டுப்பாடு, மீறினால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் போட்டுவிடுவார்கள். நிச்சயமா ஒருத்தரும் போக மாட்டாங்களா என்று சார் மூன்று தடவை கேட்டார். நான் நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன், என் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா சார் என்று. அந்தப் பேச்சுக்குத்தான் இந்தக் கயிற்றை என் கையில் கொடுத்தார். நெஞ்சில் கைவைத்த இடம் இப்போது அரிக்கிறது. வேர்வை. வேர்வைதான்.

பதினொன்று இருபத்தைந்து. அப்பா கடலில் இருக்கிறார். இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கிறது, அப்பா கடலில் இருப்பது என்ன அதிசயம், வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை போட்ட சிங்கிறால் வலையை நீரோட்டம் அறுத்துக்கொண்டு போய்விட்டது, சனிக்கிழமை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை, இன்னொரு நாள் விட்டால் வலை பாறையில் சிக்கிக் கந்தலாகிவிடும். விடியும் முன்னே அம்மாவிடம் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார், வலையத் தேடப் போறது தொழில் இல்ல, மீன் பிடிச்சாத்தான் தொழில், இருட்டினப்புறம் உப்போடை வழியா வந்திருவேன் என்று. வக்கீல் மாதிரி. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார், யாராவது கூப்பிட்டு எங்கே இருக்கீர் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டுமே என்று. நான் பக்கத்து அறையில் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்குப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வரி போதும். அப்பா, பன்னிரண்டு மணிக்கு நான் கூண்டு ஏத்துவேன், அது சும்மா, நம்பாதீங்க. அவ்வளவுதான், எண்ணினால் ஒன்பது வார்த்தை. நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாளாக அவர் என்னோடு பேசவில்லை, அதனால் நானும் பேசவில்லை, முதலில் அவர் பேசட்டும் என்று இருந்தேன். சாமியார் இன்றைக்குக் காலைப் பூசையில்தான் அறிவித்தார், மத்தியானம் கூண்டு ஏறும், அது வேடிக்கைக்கு, யாரும் பயப்பட வேண்டாம் என்று. ஊரே கேட்டது. கேட்க வேண்டிய ஒரே ஆள் அங்கே இல்லை. வயிற்றுவலி என்று அம்மா நாலு பேரிடம் சொன்னாள். கோவில் வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி, நீ ஏத்துனா அவுக வந்திருவாகளே." பாத்துக்கிடுதேன் என்று கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது. வந்துவிடுவார். ஒன்றாம் நம்பருக்கே வந்துவிடுகிற ஆள் அவர். மற்றவர்கள் மூன்று வரட்டும், நாலு வரட்டும் என்று வலையைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள், அப்பா ஒன்று ஏறினாலே என்ஜினைத் திருப்பிவிடுவார். ஊரில் அவருக்குப் பேரே ஒன்றாம் நம்பர். சிலுவைமுத்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஒன்னாம் நம்பர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நான் வந்து சொன்ன அன்றைக்கு, கொஞ்சம் தைரியமா இருந்து முடிச்சிருக்கலாமே மக்கா என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நான் சொன்னேன், ஒன்னாம் நம்பருக்கே ஓடி வர்ற ஆளு எனக்குத் தைரியம் சொல்லித் தர வேண்டாம். பத்தொன்பது நாள்.

கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் தொலைநோக்கியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள், தாரகை என்று பேர், அவள் அப்பா கீழே நிழலில் நின்றுவிட்டார், முழங்கால் வலியாம். பித்தளைத் தொலைநோக்கி, மூன்று கால் போட்டு நிற்கிறது, வரிசையில் வருகிறவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர வேண்டும் என்பது விதி, இவள் நாலு தடவை வரிசையில் வந்துவிட்டாள். அக்கா, தூரத்துல ஒருத்தர் நிக்கறார் என்கிறாள். எங்கே என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெறும் கண்ணுக்கு வெயில் பளபளப்பில் ஒரு புள்ளி, தொலைநோக்கியில் மஞ்சள் பட்டை போட்ட வள்ளம், அதில் குச்சி மாதிரி ஒரு உருவம். ஆளில்லம்மா, அது மிதவை என்றேன். மிதவை குனியுமா அக்கா என்று கேட்டாள். அலையில அப்படித் தெரியும் என்றேன். நான் பொய் சொல்வதில்லை, அதனால்தான் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது, இப்போது ஒரு ஏழு வயசுப் பிள்ளையிடம் சட்டென்று ஒரு பொய், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி கண்ணை வைத்துக்கொண்டாள். பதினொன்று நாற்பது. கீழே முற்றத்தில் கூட்டம் நிறைகிறது, முந்நூறு இருக்கும், கைபேசிகளை இப்போதே தூக்கிப் பிடித்துவிட்டார்கள், ஐஸ் விற்கிறவர் மணி அடிக்கிறார். ஐயோ எவ்வளவு பேர், எல்லாரும் என் கையைப் பார்க்கப் போகிறார்கள், நாலாம் வகுப்பில் யாருடையது என்று தெரியாமல் இருந்த கை, இன்றைக்கு நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். படியில் செருப்புச் சத்தம், இசக்கிராஜன் சார் மைக்கோடு வருகிறார், பின்னால் கமிட்டித் தலைவர் மிராண்டா மாமா, வெள்ளை வேட்டி, சிறப்பு விருந்தினர். வேறு யாரும் கிடைக்கவில்லையா. என்னட்டி ஜெனோவா, அப்பனுக்கு வயித்துவலி எப்படி இருக்கு என்று கேட்கிறார். இருக்கு மாமா என்றேன். அதுவும் ஒரு பொய்யா, பாதிப் பொய்யா. அவர் தொலைநோக்கிப் பக்கம் போகிறார். தாரகை விடவில்லை, வரிசையில வாங்க தாத்தா என்கிறாள். தங்கப் பிள்ளை.

ஏற்றினால் என்ன ஆகும். அப்பா நிமிர்ந்து பார்ப்பார், அடிக்கடி பார்ப்பார், ஒவ்வொரு பாகம் வலை இழுத்ததும் ஒரு தடவை கொடிமரத்தைப் பார்ப்பது அவர் பழக்கம், நான் சின்னப் பிள்ளையில் கூடப் போனபோது எண்ணியிருக்கிறேன். கருப்பைப் பார்த்ததும் வலையை வெட்டிவிட்டு வருவார், உப்போடை வழியெல்லாம் சுற்ற மாட்டார், நேரே வருவார், நேரே இந்த முந்நூறு பேர் முன்னால், பூசை முடிந்த ஊர் முன்னால், மிராண்டா மாமா முன்னால். மாட்டிக்கொள்வார். வள்ளம் கரையில் கிடக்கும். கிடக்கட்டும், தப்பு செய்தால் கிடக்க வேண்டியதுதான், அதில் எனக்கு ஒன்றுமில்லை, நிஜமாக ஒன்றுமில்லை. ஏற்றாவிட்டால்? ஏன் ஏற்றவில்லை என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும், அப்போதும் மாட்டிக்கொள்வார், நானே மாட்டிவிட்ட மாதிரி. கை வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துகொண்டால்? சார் வேறு யாரிடமாவது கயிற்றைக் கொடுத்துவிடுவார், கூண்டு ஏறிவிடும், அது என் கையாகவும் இருக்காது. ரெண்டு பக்கமும் அவர் மாட்டுகிறார் என்றால் ஏற்றிவிட்டுப் போகலாமே, எனக்காவது ஒன்று கிடைக்குமே. இதைத்தான் நான் காலையிலிருந்து பாசி பிடித்த கல்லில் கால் வைப்பது மாதிரி வைத்து வைத்து எடுக்கிறேன், ஏதோ வழுக்குகிறது, எது என்று பிடிபடவில்லை. அந்த வருஷம். டெஸ்க்கைத் தட்டின கடைசி வருஷம். ஒன்றாம் நம்பர் ஏறின உடனே அப்பா வந்துவிட்டார், கரையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள், கூண்டு காத்துல ஆடுச்சா மாப்ள, அதுக்கே வந்துட்டியா என்று. அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார், கூண்டு பொய் சொல்லாது. சிரித்துவிட்டு அன்றைக்கே கடலில் இறங்கின வள்ளங்களில் ரெண்டு திரும்பி வரவில்லை. என் கிளாஸில் ஃபெபியோலாவின் அப்பா அதில் ஒன்று. அவள் பெஞ்சில் ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை. கூண்டு பொய் சொல்லாது. இதுதான் வழுக்கினது. இன்றைக்கு ஓடி வந்து, முந்நூறு பேர் கைதட்டுகிற நடுவில் நின்று, இது வேடிக்கை என்று தெரிந்துகொள்கிற அப்பா, அடுத்த தடவை கருப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார். நம்ம பிள்ள ஏத்தின மாதிரி எதுவோ என்று நினைப்பார். ஒரு நிமிடம் நினைப்பார். கடலில் ஒரு நிமிடம் போதும். அது மட்டும் என்னால் முடியாது. மற்றதெல்லாம் முடியும்.

பன்னிரண்டு. சார் மைக்கில் பத்திலிருந்து பின்னால் எண்ணுகிறார், கூட்டமும் சேர்ந்து எண்ணுகிறது, மூன்று, ரெண்டு, ஒன்று, மாடமே அதிர்கிறது, என் கை தானாகவே கயிற்றை இறுக்குகிறது, என்ன ஆசை இந்தக் கைக்கு. ஏத்தும்மா என்கிறார்.

"ஏத்த மாட்டேன் சார். கடல்ல ஒரு வள்ளம் நிக்குது."

மைக் பக்கத்திலேயே இருந்தது, கீழே வரைக்கும் கேட்டுவிட்டது. சார் முகத்தில் ரத்தம் இல்லை. மிராண்டா மாமா வேட்டியை மடித்துக் கட்டினார், சண்டைக்கு இல்லை, அது அவருக்கு யோசனை வரும்போது செய்கிற வேலை. ஞாயித்துக்கெழம யார் வள்ளம்ட்டி என்று கேட்டார்.

"எங்க அப்பாவோடது மாமா. வலையத் தேடிப் போயிருக்கார். தொழிலுக்குப் போகல. ஆனா போயிருக்கார்."

கீழே யாரோ எங்கள் ஊர்க்குரல், யாரு, ஒன்னாம் நம்பரா என்று கேட்டது, சிரிப்பு கிளம்பிப் படி ஏறி வந்தது. பத்தொன்பது நாளுக்கு முன்னால் நானே சிரித்த சிரிப்பு அது, எனக்கு அதன் வாசனைகூடத் தெரியும். நான் மைக்கைச் சார் கையிலிருந்து வாங்கினேன், பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஆமா, ஒன்னாம் நம்பர்தான். இது ஏறினா நம்பி வந்திருவார். நம்புற ஆளுகிட்ட இதப் பொய்யாக் காட்ட என்னால முடியாது."

சிரிப்பு அப்படியே நின்றுவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது, ஒரு மூலையில் யாரோ இருமினார்கள். மதுரையிலிருந்து வந்த ஒருத்தர் இதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று முனகினார், நியாயம்தான். மிராண்டா மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார், எட்டு நாள் வள்ளம் கரையில கெடக்கும், தெரியும்லா. தெரியும் மாமா என்றேன். கமிட்டிலேருந்து ஆள் அனுப்ப மாட்டேன், நீயே உங்கப்பங்கிட்ட சொல்லிரு என்றார். நான் சொல்வதா. அப்போது பேச வேண்டுமே. நான்தான் முதலில் பேச வேண்டும். எட்டு நாளைவிட அது பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தே சொன்னாரா, முகத்தில் ஒன்றும் இல்லை. சார் இப்போ நிகழ்ச்சி என்னாவது, நிகழ்ச்சி என்னாவது என்று என்னையே கேட்கிறார். நான் கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். கூண்டைப் பிள்ளைகள் நடுவில் உருட்டி விட்டேன், ரெண்டு பேர் உடனே உள்ளே ஏறிவிட்டார்கள். வெறும் கொக்கியைக் கயிற்றில் விட்டு இழுக்க ஆரம்பித்தேன். இப்படித்தான் ஏத்துவாங்க, கூண்டு மட்டும் இன்னைக்கு இல்ல, பிடிங்க என்றேன், தாரகை ஓடிவந்து பிடித்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு கை, மதுரைக்காரரும் பிடித்தார். கப்பி கிறீச்சென்று கத்தியது, காக்கா எழும்பிப் போனது, முந்நூறு பேரும் தலையை அண்ணாந்துகொண்டு ஒன்றுமே இல்லாத ஒரு கொக்கி மேலே மேலே போவதைப் பார்த்தார்கள், யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், எதற்கு என்று தெரியாமலே எல்லாரும் தட்டினார்கள். கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. இதுதானா. இப்படித்தான் இருக்குமா அந்தக் கைக்கு. வெறும் கொக்கிக்கே இப்படி இருந்தால். எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது, சார் பயந்துபோய்ப் பார்த்தார்.

கொக்கி உச்சியில் போய் முட்டியது. முடிச்சைப் போட்டேன். தாரகை மறுபடி தொலைநோக்கிக்குப் போய்விட்டாள். அக்கா, மிதவை நிமிருது என்றாள். அது மிதவை இல்ல, நான் பொய் சொன்னேன், அது எங்கப்பா என்றேன். தெரியும் என்பது மாதிரி அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். வரிசையில் நிற்கிறவர்களும் ஒதுங்கினார்கள். பித்தளை வெயிலில் சுட்டது, கண்ணை ஒட்டினேன். மஞ்சள் பட்டை. வள்ளத்துக்குள் கருப்பாக ஏதோ குவியல், வலை, கிடைத்துவிட்டது, பாதிக்கு மேல் உள்ளே வந்துவிட்டது, கிடைத்தேவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் உப்போடைக் கரையில் போய் நிற்பேன், நான்தான் முதலில் பேசுவேன், வலை கிடைச்சிட்டா என்றுதான் ஆரம்பிப்பேன், தெரிந்துகொண்டே கேட்பேன், அதற்குப் பிறகு எட்டு நாளைச் சொல்வேன், அதற்குப் பிறகு மற்றதை. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டார். நேரே என்னைப் பார்த்தார், என்னை இல்லை, எனக்கு மேலே கொடிமரத்தை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. மேலே ஒன்றும் இல்லை. குனிந்தார், மிச்ச வலையை இழுக்க ஆரம்பித்தார்.